லாய்ட் பார்த்த பதினேழாம் நம்பர்

எங்கள் டேட்டன் மில்லர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி கடைசியாகக் கோப்பை வாங்கியபோது என் வாயில் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. அதற்குப் பிறகு அவர்கள் வாங்கியதெல்லாம் உதைதான். ஆனாலும் ஆகஸ்ட் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். சீசன் இன்னும் தொடங்கவில்லை, ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அந்தத் தைரியம்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு ஞாயிறு மாலை என் கணவரின் நண்பன் ஸ்டான் தன் காரை வெளியே தள்ளிவிட்டு, கராஜில் மடக்கு நாற்காலிகளைப் போடுவான். வாசலில் சாசேஜ் வேகும். எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்கள் அணியில் பதினோரு பேர். அதில் எந்த ஆறு பேரை வைத்துக்கொள்வது, எந்த ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்புவது என்று அங்கே முடிவாகும். கோச்சும் தன் பங்குக்கு ஒரு முடிவெடுப்பார். அவர் இவர்களைக் கேட்டதில்லை, இவர்களும் அவரை மதித்ததில்லை.

ஆறு பெயர்களும் ஸ்டானின் பழைய ஃபிரிட்ஜ் கதவில் கறுப்பு மார்க்கர் பேனாவால் எழுதப்படும். பேனா வைத்திருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. முப்பத்தோரு வருடமாக அந்தப் பேனா என் கணவர் லாய்டின் சட்டைப்பையில் இருந்தது. அதற்காகவே பையுள்ள சட்டை போடுகிற மனிதர்.

கராஜில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கல்லூரி மைதானத்தில் நடக்கிற பயிற்சியைப் புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தவர்தான் வாய் திறக்கலாம். நானும் முப்பத்தோரு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் வாயை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. நான் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருகிறவள்.

இப்போது ஒரு ரகசியம். லாய்டுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாணமான புதிதில் பழுப்பு என்று நினைத்து, பச்சைக் கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பெருமையாக வந்து நின்றார். அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவருடைய அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

சீசன் ஆட்டங்களில் பிரச்சினை இல்லை, எதிரணி வெள்ளை போட்டுக்கொள்ளும். ஆகஸ்ட் பயிற்சியில்தான் வில்லங்கம். எங்கள் அணியே இரண்டாகப் பிரிந்து மோதும். தாக்குகிறவர்களுக்குப் பச்சைச் சட்டை, தடுக்கிறவர்களுக்குப் பழுப்பு. லாய்டுக்கு இரண்டும் ஒரே சேறு. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்வேன். பச்சை, மின்னலாக ஓடுகிறான். பச்சை, கையில் பசை போட்டதுபோல் பந்து ஒட்டுகிறது. பச்சை, பந்து வரும்போது கண்ணை மூடுகிறான். சாயங்காலம் அதையெல்லாம் லாய்ட் கராஜில் தன் சரக்காக அவிழ்ப்பார். "லாய்டுக்கு என்னா கண்ணுடா!" என்று ஸ்டான் தொடையில் தட்டுவான். நான் சாலட்டைக் கிண்டிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் மூன்று நாள் பயிற்சி. வெள்ளிக்கிழமை லாய்டுடன் போனேன். சனி, ஞாயிறு என்னால் முடியவில்லை. என் தங்கை மகள் மாசமாக இருக்கிறாள், அவளுக்கு விருந்து, அதற்கு நான் ஃபோர்ட் வேன் என்கிற ஊருக்குப் போகவேண்டியிருந்தது.

"நான் சமாளிச்சுக்குவேன்" என்றார் லாய்ட்.

சமாளிக்கவேண்டிய நிலைமை இது. ஸ்டானின் மருமகன் ட்ரென்ட் என்று ஒருவன், இன்ஷூரன்ஸ் விற்கிறவன். கையில் எப்போதும் போன், போனில் எப்போதும் புள்ளிவிவரம். போன வருடம் லாய்ட் முதலிடம் கொடுத்த டுபோஸ், அக்டோபருக்குள் பதினோரு பந்தைக் கீழே போட்டுவிட்டு வேலையிழந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே ட்ரென்ட் குளிர்காலத்தை ஓட்டினான். கடைசியில் எல்லார் முன்னாலும் பந்தயம் கட்டினான். இந்த வருடமும் லாய்டின் முதல் ஆள் சொதப்பினால் பேனா கைமாற வேண்டும். லாய்டும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ராத்தூக்கம் இல்லை.

ஞாயிறு மாலை நான் ஃபோர்ட் வேனிலிருந்து நேராகக் கராஜுக்கு வந்தேன். லாய்டிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது.

முதலில் கழித்துக்கட்டல். எண்பத்தாறாம் நம்பர், விஸ்னீவ்ஸ்கி என்கிற குட்டைப் பையன், இரண்டு நிமிடத்தில் வெளியேற்றப்பட்டான்.

"அவனா? பீட்சா கொடுக்க வந்தவன் வழிதவறி மைதானத்துக்குள்ள வந்துட்டான்னு நெனச்சேன்" என்றான் ஸ்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பையன் பதிமூன்று தடவை தன்னைத் தடுக்க வந்த ஆளைக் கழற்றிவிட்டுத் தனியாக நின்றான். பந்து எறிகிறவன் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அதை நான் எண்ணினேன்.

லாய்ட் எழுந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"முதல் ஆள், பதினேழு. டாலிவர். நேத்து ரெண்டு, இன்னைக்கு ரெண்டு, மொத்தம் நாலு பந்து. கையா அது? இந்த வருஷம் இவன் ஒருத்தன் போதும்."

ட்ரென்ட் போனைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"பெருசு, டாலிவருக்கு நேத்துக் காலைலயே தொடை பிடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளா தொப்பி போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்து சூரியகாந்தி வெதை மென்னுக்கிட்டிருந்தான்."

லாய்ட் பேனாவால் ஃபிரிட்ஜ் கதவைத் தட்டினார்.

"பதினேழுதான். நான் என் கண்ணால பார்த்தேன்" என்றார் லாய்ட்.

"பதினேழு ரெண்டு பேரு! ஆகஸ்ட்ல தொண்ணூறு பேர் இருக்கானுங்க, நம்பர் பத்தாது. நீங்க பார்த்தது தடுக்கிற பக்கத்துப் பதினேழு, பிரிஸ்கோ. நம்மாளு எறிஞ்ச பந்தைக் குறுக்க பூந்து புடுங்குனவன். பழுப்புச் சட்டை தெரியலயா?"

சிரிப்பு வெடித்தது. ட்ரென்ட் கையை நீட்டினான்.

"குடுங்க பேனாவ."

லாய்டின் கழுத்து சிவந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, சத்தியமாக. அடுத்த கணம் அவர் தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"தெரிஞ்சேதான்டா சொன்னேன். நம்ம டீம்லயே நல்லா பந்து பிடிக்கிறவன் யாரு? பிரிஸ்கோ. அப்ப அவனை எதுக்குத் தடுக்கிற பக்கம் வெச்சிருக்கணும்? இந்தப் பக்கம் கொண்டாந்து ரிசீவரா ஓடவிடு. கோச்சுக்கு இந்த மூளை இல்ல."

முதலில் டாலிவர் என்றுதானே பெயர் சொன்னாய் என்று ஒருவராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டான் மெல்ல எழுந்து நின்றான்.

"அட... ஆமால்ல?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒருவன் ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டான். இன்னொருவன் கோச்சுக்கு மனு எழுதவேண்டும் என்றான். ட்ரென்ட்கூடப் போனில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளிவிவரப்படி பார்த்தா... தப்பில்ல" என்று முனகினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். லாய்ட் பெரிய எழுத்தில் 17 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்தக் கண்ணடிப்பில்தான் எனக்குத் தலைக்கேறியது. நான் இருந்தால் என் கண், நான் இல்லாவிட்டால் அவருடைய மூளை. அப்படியானால் நான் எதற்கு? சாலட் கிண்ணத்தைத் தொப்பென்று வைத்தேன்.

"லாய்ட், நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவர் பேனாவின் மூடியைத் தேடினார். நான் சொன்னேன்.

"இவருக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணு. முப்பத்தோரு வருஷமா யாரு எந்தப் பக்கம்னு காதுல சொன்னது நான். யாரு நல்லா ஓடறான்னு சொன்னதும் நான்தான். ரெண்டு நாள் ஊர்ல இல்ல, லட்சணத்தைப் பாருங்க."

"வெர்னா" என்றான் ஸ்டான், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். "வீட்டுச் சண்டையை இங்க கொண்டாராதே. புருஷனை நாலு பேர் முன்னால இப்படியா?"

"அவ சொல்றது நெசம்" என்றார் லாய்ட். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு ட்ரென்ட் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"அப்ப டுபோஸ் உங்க வேலையா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி அந்தக் கிரிம்ஸ்? மொத ஆட்டத்துலயே பந்தோட நம்ம பக்கத்து எல்லைக்கோட்டைப் பாத்தே ஓடுனானே?"

"அதுவும் நான்தான்."

"அடிப்பாவி! லாய்டை வீணா திட்டிட்டோமேடா!" என்றான் ஸ்டான். "ஆனா ஹாஸ்கின்ஸை அவன்தான் கண்டுபிடிச்சான். அந்த மாதிரி ரிசீவர் நமக்கு அப்புறம் வரவே இல்ல. அது லாய்டோட மூளை."

முப்பத்தோரு வருடத் தப்பும் ஒரு நிமிடத்தில் என் தலையில் இறங்கிவிட்டது. சரியாக வந்ததெல்லாம் அவரிடமே தங்கிவிட்டது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஹாஸ்கின்ஸும் அவதான்" என்றார் லாய்ட். "அவனை எனக்குப் பிடிக்கவே இல்ல. சண்டை போட்டு எழுத வெச்சா."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ட்ரென்ட் மறுபடி கையை நீட்டினான். லாய்ட் பேனாவை அவனுக்குத் தரவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்து என் கையில் வைத்தார்.

ஃபிரிட்ஜுக்குப் போனேன். 17ஐ உள்ளங்கையால் அழித்தேன். முதல் இடத்தில் எழுதினேன்: 86, விஸ்னீவ்ஸ்கி.

"என்னது!" ஸ்டான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்தப் பீட்சாக்காரனா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, வெர்னா?"

"பந்தே தொடாதவனை எழுதறீங்க! ரிசீவர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அழிங்க அதை!" என்று ட்ரென்ட் மேசையைக் குத்தினான்.

"கண்ணு தெரியாதவனே தேவலடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். லாய்டும் சேர்ந்துகொண்டார். "வெர்னா, ஆறாவதாப் போடு, சரி. மொத ஆளா? கொஞ்சமாவது நியாயம் வேணாமா?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள். முப்பத்தோரு வருடத்தில் ஒருவர்கூட அங்கே என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனாவை ட்ரென்டின் மூக்குக்கு நேராக நீட்டி, அவனைவிட உரக்கக் கத்தினேன்.