தப்பிப் பிழைத்த மீன்கள்

மாக்குவின் கூண்டில் நோய் புகுந்தபோது மீன்கள் கண் பிதுங்கி, தலைசுற்றியதுபோல் வட்டமடித்துச் செத்தன. வோல்டா ஏரியில் வலைக்கூண்டு போட்டுத் திலாப்பியா மீன் வளர்க்கிறவர்களுக்கு அந்தச் சுழற்சி என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முக்கால்வாசி போய்விட்டது. பிழைத்தவை மட்டும் தின்று கொழுத்தன.

அவற்றின் மேல் மாக்குவுக்குத் தாங்க முடியாத பெருமை. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியிருந்தால்கூட இப்படிப் பீற்றியிருக்க மாட்டாள். போகிற வருகிற படகையெல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

அவளுடைய அக்கா கோர்கோர், புருஷனைப் புதைத்த கையோடு அவன் படகை விற்று, பக்கத்திலேயே கூண்டு போட்டு, விரல் நீளக் குஞ்சுகளை விட்டிருந்தாள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

"அக்கா, என் மீனை உன் கூண்டுல விட்டுடறேன். நோயையே தின்னு ஏப்பம் விட்டதுங்க. கூட இருந்தா உன் குஞ்சுக்கும் அந்தத் தெம்பு வரும்."

"தெம்பு எங்கயாச்சும் ஒட்டுமாடி?"

"நோய் ஒட்டுதுல்ல? தெம்பு மட்டும் ஒட்டாதா?"

கோர்கோர் சிரித்துவிட்டாள். "உன் தடியனுங்க என் பசங்க சோத்தையும் சேத்துத் தின்னுடுவானுங்க."

"கொஞ்சம் கூடத்தான் போடேன். கஞ்சம்."

நல்ல மனசோடுதான் கொடுத்தாள், பாவி. மறுநாளே தன் கையாலேயே வலையில் அள்ளிக் கொண்டுபோய் விட்டாள்.

பாலைவனத்துப் பக்கமிருந்து வீசும் வறண்ட ஹர்மட்டான் காற்று ஓய்ந்து, வெயில் ஏறி, தண்ணீர் வெதுவெதுப்பானது. குஞ்சுகள் சுழல ஆரம்பித்தன.

மீன் வைத்தியம் பார்க்கும் செலோர்ம் படகில் வந்தான். செத்த குஞ்சுகளையும், மாக்குவின் பெரிய மீன் ஒன்றையும் சோதனைக்கு எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது மாக்குவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"பெரிய மீனோட ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருக்குக்கா. நோய் இனி அதைக் கொல்லாது. ஆனா கிருமி சாகல, உள்ளயே தங்கிடுச்சு. இந்தக் குஞ்சுங்க நோயையே பாத்ததில்ல, ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. தண்ணி சூடானதும் பெரிய மீன்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

கோர்கோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதன்பின் நாளும் குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கடைசிக் குஞ்சும் போன அன்று மாக்கு சோள மாவில் அவித்த கென்கே வாங்கிக்கொண்டு போனாள். அக்கா பொட்டலத்தைத் தொடவில்லை. கைவலையால் செத்ததுகளை அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா. ரெண்டு அறை அறைஞ்சிடு."

கோர்கோர் வலையை வைத்துவிட்டு, சாக்கின் அடியில் கிடந்த தீனியைத் துழாவி எடுத்துத் தண்ணீரில் வீசினாள். மாக்குவின் மீன்கள் பாய்ந்து வந்து மொய்த்தன. பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல். இவற்றில் ஒன்றாவது சுழலாதா என்று மாக்கு ஏங்கிப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் சுழலவில்லை.

"நல்லா சாப்பிடுதுங்க," என்றாள் கோர்கோர். "கூட்டிட்டுப் போயிடு. இனிமே தீனி வாங்க என்கிட்ட வழியில்ல."