கண்ணாடி கிடந்த பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். டிராக்டர் டியூப் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடை முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திய ஒரு பெண், இறங்காமலே போர்டைப் படித்தாள். அழகர் பஞ்சர் கடை. பிறகு கையிலிருந்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்தாள். மறுபடி போர்டு, மறுபடி தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை.

"அண்ணே, இந்தப் படத்துல போட்ருக்க கடை இதுதானா?"

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் வரைந்த படம். இரண்டு நீளக் கோடு ரோட்டுக்கு, நடுவில் விட்டுவிட்டு ஒரு கோடு. மேலே திண்டுக்கல் என்றும் கீழே செம்பட்டி என்றும் அம்புக்குறி. வலப்பக்கம் ஒரு சதுரத்துக்குள் 'பஞ்சர் கடை'. அந்தச் சதுரத்துக்கு நேராக, நடுக்கோட்டுக்கு என் கடைப் பக்கமாக, ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'மோதிய இடம். கண்ணாடித் துண்டுகள் காணப்பட்டன' என்று எழுதியிருந்தது.

"ஆமாம்மா. நீங்க?"

"நான்சிண்ணே. பூ வேன் ஓட்டுன ராபின் வீட்டுக்காரி."

அந்தப் பெருக்கல் குறியிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்றரை வருடமாக நான் ஒரு தடவைகூட யோசிக்காத ஒன்று அந்தக் குறியில் இருந்தது.

அவள் வந்தது சாட்சி கேட்டு இல்லை. ரோட்டை அளக்க வந்திருந்தாள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், பையிலிருந்து தையல்காரர்களுடைய இஞ்சு டேப்பை எடுத்தாள். "ஒரு முனையச் செத்த பிடிங்கண்ணே" என்றாள். வண்டி வராத நேரம் பார்த்து இரண்டு பேரும் தாருக்குள் இறங்கினோம். ஒரு டேப் நீளத்துக்கு நான் கட்டைவிரலை வைத்துக்கொள்ள, அவள் எழுந்து போய் அடுத்ததைப் பிடிப்பாள். ஹாரன் கேட்டால் ஓரத்துக்கு ஓடிவந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். ரோட்டின் அகலம் நாலு டேப்பும் முப்பத்தைந்து இஞ்சும். அவள் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"இவரு பக்கத்துலயே எடம் நெறைய இருந்துருக்கு. இவரு எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம் ஏறி வரணும்?"

நான் டேப்பின் முனையை அவளிடம் கொடுத்தேன்.

"பூ வேன்காரன் தூக்கத்துல ஏறிட்டான்னு மொதல்ல சொன்னாக. செத்துப்போன மனுசன் மேலயே குத்தத்த எழுதி போலீஸ் கேச முடிச்சிட்டாங்க. இப்ப நஷ்டஈட்டுக் கேசுல, இன்சூரன்ஸ் வக்கீலு இவரு போன் லிஸ்ட எடுத்துட்டு வந்துட்டாரு. ஆறு பத்துக்கு ஒரு கால் இருக்கு. முப்பத்தஞ்சு செகண்டு." டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். முழுக்கச் சுற்றிய பிறகும் விரல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "நாந்தாண்ணே பண்ணேன். வரும்போது தோசமாவு வாங்கிட்டு வாங்கன்னு."

"அதனால ஒண்ணும் இல்லம்மா."

"எங்க மாமியா என்னையப் பாக்காம செவத்தப் பாத்துப் பேசுது. நானே பாக்கணும்னு வந்தேன். எந்த எடத்துல என் பேச்சக் கேட்டுட்டு அந்தப் பக்கம் போனாருன்னு."

கேஸ் அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி என்றாள். நான் பார்த்தேனா என்று கேட்டாள். மோதியதைப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத்தான் ஓடினேன் என்றேன். அது உண்மைதான். ஜெராக்ஸின் பின்பக்கம் போன் நம்பரை எழுதி, "ஏதாச்சும் ஞாபகம் வந்தா" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

பார்க்காததை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். போன வருடம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறேகால். நான் கடைக்குள் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். செம்பட்டி போகிற முதல் பஸ் என் கடைப் பக்கம் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கேட்டது. அது கிளம்பின சத்தம் கேட்பதற்குள் இன்னொரு சத்தம் வந்தது. வெளியே வந்தபோது பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. அந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்தாரோ இல்லையோ, நிற்கவில்லை. எதிர்ப்பக்கம், திண்டுக்கல் போகிற வண்டிகளுக்கான பக்கம், செம்பட்டியைப் பார்த்து நின்ற காலி லாரி ஒன்றின் மூக்குக்குள் பூ வேன் பாதி புகுந்திருந்தது. ரோடெல்லாம் மல்லிகை மொட்டு. வேன்காரருக்கு உயிர் இருந்தது. அவரை எடுக்க, செங்கல் ஏற்றிவந்த டிராக்டரில் கயிறு கட்டி வேனைப் பின்னால் இழுத்தோம். ஆம்புலன்ஸ் ஏற்றிப்போன பிறகு, பஸ் போக வழி வேண்டுமென்று லாரியை யாரோ பின்னால் எடுத்து ஓரங்கட்டினார்கள். லாரி டிரைவருக்கு நெற்றியில் மட்டும் காயம். என் ஸ்டூலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் விளக்குமாறை எடுத்தேன்.

இது எனக்குப் பழக்கம். பஞ்சர் கடைக்காரன்தான் ஆணியை ரோட்டில் இறைக்கிறான் என்று சொல்கிற ஊர் இது. கடை போட்ட புதிதில், ஒரு கார்க்காரர் டயரிலிருந்து பிடுங்கிய ஆணியை என் மூஞ்சியில் எறிந்திருக்கிறார். அன்றிலிருந்து, கடைக்கு இந்தப் பக்கம் நூறடி, அந்தப் பக்கம் நூறடி, தினமும் காலையில் கூட்டிவிடுவேன். பால்காரர் கேலி செய்துகொண்டே போவார். "ஏலே அழகரு, நீயே ஆணியப் பொறுக்குனா ஒனக்கு எவன்லே பஞ்சருக்கு வருவான்?"

ஏழு மணிக்கு எதிர்ப்பக்கத்தில் மில் வேனுக்குப் பிள்ளைகள் வந்து நிற்கும். ரப்பர் செருப்புதான் போட்டிருக்கும். அதனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை எல்லாம் நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கத்துக்குத் தள்ளினேன். கொட்டிக் கிடந்த ஆயில் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். கண்ணாடியை அள்ளச் சாக்கு எடுக்க உள்ளே போனேன். சாக்கு உடனே அகப்படவில்லை. வெளியே வருவதற்குள் இரண்டு பஸ்ஸும் ஒரு மினி லாரியும் ஏறி, குவியலைப் பரத்திவிட்டிருந்தன. பின்னாலேயே ஜீப் வந்தது. "யாரும் எதையும் தொடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் எஸ்.ஐ. நான் விளக்குமாறை டயர்களுக்குப் பின்னால் போட்டேன்.

சம்பவ இடத்தில் என்னென்ன இருந்தது என்று எழுதுகிற மகஜருக்கு இரண்டு சாட்சி வேண்டும். கடைக்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். "கண்ணாடி இங்கதான கெடக்கு?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அப்போது அங்கேதான் கிடந்தது. நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டேன்.

நான்சி வந்துபோன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஓட்டையே இல்லாத டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். ஒருவருக்குக் கழற்றின சக்கரத்தை இன்னொருவர் வண்டியில் மாட்டப் போனேன். ரோட்டுக்கு வருவதும், நடுக்கோட்டைப் பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் பின்னால் வருகிற வண்டியைக் கவனித்தேன். பத்துக்கு ஏழு, பிரேக் போடுவதில்லை. வலப்பக்கம் ஒடித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், திரும்பி வந்துவிடுகிறது. திரும்பி வந்துவிடுகிறவரை யாருக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்ததில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி செல்லக்கிளியிடம் சொன்னேன். கீரை வெஞ்சனத்தை வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஊரு ரோட்டக் கூட்டுனதுக்கு நல்ல பதக்கம் கெடச்சிருச்சு" என்றாள்.

"வெளையாடாத."

"யாரு வெளையாடுறா? நீயே கையெழுத்துப் போட்டுட்டு, நீயே போயி இல்லைங்க சாமின்னு சொல்லுவ. தடயத்த ஏன்டா அழிச்சன்னு கேப்பான். கடை யாரு எடத்துல இருக்குன்னு கேப்பான். ஹைவேஸ்காரன் எடம். சொல்லிட்டு வா, சட்டி பானையத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிப்போம்."

"அந்தப் பிள்ள, போன் பண்ணித் தானே கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டுக் கெடக்கு கிளி."

அவள் வெகுநேரம் ரோட்டையே பார்த்தாள். கீரையில் ஈ உட்கார்ந்ததை விரட்டவில்லை. "எங்கிட்ட கேக்காத" என்றாள். "போன்னு சொன்னாலும் நாளைக்கு எம்மேல வரும். போகாதன்னு சொன்னாலும் எம்மேலதான் வரும்." பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க நான்சி நம்பரைப் போட்டுப் போட்டு, அடிப்பதற்கு முன் நிறுத்தினேன். என் மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிப் பார்த்தேன். நான் படித்த அகரம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரி, இடப்பக்கம் அனுப்புநர், என் பெயர், முகவரி. பெறுநர் என்று எழுதி நிறுத்திவிட்டேன். போலீசுக்கா, ஜட்ஜுக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு மற்றதை எழுதினேன். பஸ் நின்றது, விசில் கேட்டது, கண்ணாடி எந்தப் பக்கம் கிடந்தது, நான் எந்தப் பக்கம் தள்ளினேன். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, விசாரித்துக்கொண்டு மேட்டுப்பட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே தாளைக் கொடுத்தேன். ஒரு கால் மிஷின் பெடலில் இருக்க, படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். ஒன்றரை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"அப்ப அவரு அவரு பக்கந்தான் வந்தாரா?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதாம்மா. கண்ணாடி அம்புட்டும் அந்தப் பக்கந்தான் கெடந்துச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. நாந்தான் தள்ளுனேன்."

"போன் பேசிக்கிட்டே வந்திருந்தாலும்..."

"வந்திருந்தாலும், அவரு பக்கந்தான்."

அவள் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு வயதான பெண் குரல் யாரு என்று கேட்டது. நான்சி நிமிராமலே, "இத கோர்ட்ல சொல்லுவீங்களாண்ணே?" என்றாள். சொல்கிறேன் என்றேன். அந்த நிமிடத்தில் அது கஷ்டமாகவே தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி ஒன்பதரைக்கே திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். நான்சி அவளுடைய வக்கீலோடு உள்ளே இருந்தாள். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். வராந்தா குறுகல். சுவருக்கு எதிரே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். நெற்றியில் தழும்பைப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அவருக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, பஞ்சர் கடைக்காரருங்களா? நான் சடையாண்டிங்க. லாரி. அன்னைக்குத் தண்ணி குடுத்தீங்களே."

நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். வேறு இடம் இல்லை.

"இப்ப எந்த வண்டி ஓட்டுறீங்க?" என்று ஏதோ கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஓட்டறதில்லீங்க. ஏறி உக்காந்தா காலு பிரேக்க விட்டு வர மாட்டேங்குதுங்க. கிளப்பவே முடியல. மொதலாளி பாத்துப்போட்டு எறக்கி உட்டுட்டாருங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டை தூக்கறனுங்க." சிரித்தார். "அதுல பிரேக்கு கெடையாது பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னைக்கு எப்படி ஆச்சு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு நெனப்பே இல்லீங்க. பஸ்ஸு நின்னுது. ஒடிச்சேன். அது நெனப்பிருக்குது. மறுபடி எம் பக்கம் வந்துட்டனா, இல்ல அந்தப் பக்கமே நின்னுட்டனா, எத்தனை யோசிச்சாலும் வர மாட்டேங்குதுங்க. கொஞ்ச நாளு பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்தனுங்க. நாந்தான் அந்தப் பையனக் கொன்னுபோட்டனோன்னு." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்சூரன்ஸ் வக்கீலு பேப்பரு காட்டுனாருங்க. கண்ணாடி எம் பக்கந்தான் கெடந்துதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. அதைப் பாத்தப்புறம்தானுங்க நான் தூங்கறதே."

நான் வராந்தா கம்பிக்கு வெளியே பார்த்தேன். மரத்தடியில் இரண்டு வக்கீல்கள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப்பையில் அந்த ஒரு பக்கத் தாள் வியர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தடவை, அவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். வாயைத் திறந்தேன்.

"அழகர்சாமி" என்று வாசலிலிருந்து டவாலி கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். திறந்த கதவு வழியாக நான்சி திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

எழுந்தேன். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான் வழி. சடையாண்டி இரண்டு காலையும் மடக்கிப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அப்படியும் போதாமல் என் கால் தடுமாற, கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. நான் அவரைத் தாண்டுகிறவரை விடாமல் பிடித்திருந்தார்.