ஐந்து வரிப் படிவம்

சபையில் அமைச்சரின் இருக்கைக்குப் பின்னால், இடுப்பளவுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், அதிகாரிகள் உட்கார ஒரு நீள பெஞ்சு உண்டு. உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அமைச்சர் முகத்தைத் திருப்பாமல் வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நாங்கள் துண்டுச் சீட்டில் பதிலை எழுதிச் சேவகரிடம் கொடுப்போம், அவர் அதை அந்தக் கையில் வைப்பார். அமைச்சர் அதைத் தாமே யோசித்ததுபோல் வாசிப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எத்தனையோ அமைச்சர்கள் என் மூளையை வைத்துப் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

அந்த பெஞ்சில் எட்டு பேர் நெருக்கியடித்து உட்காருவது வழக்கம். தொற்று வந்தபின் பெஞ்சுக்கு ஒருவர்தான். அந்த உத்தரவை எழுதியதே நான்தான் என்பதால் யாரிடமும் போய்ப் புலம்பவும் முடியாது. அன்று நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

கட்டுப்பாடுகளை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாமா என்பது அன்றைய விவாதம். என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு அத்துபடி. முகக்கவசம், கடை நேரம், பேருந்து, பள்ளிக்கூடம் என்று நாற்பது பதில்களை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் வெறும் கத்தல். ஒருவர் நோயே கட்டுக்கதை என்றார். இன்னொருவர் அமைச்சரே கட்டுக்கதை என்றார். நான் சீட்டுகளை அனுப்பிக்கொண்டே கொட்டாவிகளை முகக்கவசத்துக்குள் ஒளித்தேன்.

அப்புறம் டெய்லரம்மா எழுந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர். தேர்தலில் நிற்கும்வரை தையல்கடை வைத்திருந்தவர். கழுத்தில் அளவு நாடா இல்லையே தவிர, ஆளைப் பார்க்கிற பார்வை இன்னும் அளவெடுக்கிற பார்வைதான். வருஷத்துக்கு இரண்டு முறை பேசினால் அதிகம். எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. நானும்தான்.

"தலைவர் அவர்களே, நோய் பொய்யின்னு நான் சொல்ல வரல. உத்தரவுல முப்பத்தொரு பிரிவு இருக்கு. மூணு தடவை படிச்சேன். முப்பதுக்கு நானே கை தூக்கறேன். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அடக்கத்துக்கு அஞ்சு பேருக்கு மேல உள்ள விடக் கூடாதுன்னு இருக்கே, அந்த அஞ்சு எங்கேருந்து வந்துச்சு?"

சீட்டுகளை அவசரமாகப் புரட்டினேன். நாற்பது சீட்டுகளில் இதற்குப் பதில் இல்லை. உத்தரவு வந்த இந்த நான்கு மாதத்தில் அமைச்சரோ, செயலரோ, ஒரு பத்திரிகைக்காரரோகூட இதைக் கேட்டதில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் தொகுதியில ஒரு அடக்கம்," என்றார். "ஒரு அப்பா. எட்டுப் பிள்ளைங்க. அதுல மூணு பேர் கேட்டுக்கு வெளிய நிக்கணும். எந்த மூணு பேருன்னு இந்நேரம் வீட்டுல உக்காந்து பேசிட்டிருப்பாங்க. மயானம் ஆறு ஏக்கர். அவங்களுக்கு நான் ஒரு காரணம் சொல்லணும். அதைக் கொடுத்துடுங்க, நான் உக்காந்துக்கறேன்."

அமைச்சரின் கை பின்னால் நீண்டது. 'நிபுணர் குழுவின் பரிந்துரை' என்று எழுத மூன்று விநாடிகூட ஆகாது. எழுதியும் விட்டேன். சேவகரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

"நானே கொஞ்சம் தேடிப் பார்த்தேன்," என்று டெய்லரம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது மயான வாசல்ல நிரப்பச் சொல்ற படிவம். உள்ள போறவங்க பேரு, உறவு, போன் நம்பர். நாலாவது கட்டத்துல போட்டிருக்கறதை வாசிக்கறேன். 'தங்கும் நாட்கள்'."

யாரோ சிரித்தார். பக்கத்தில் இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"எனக்கும் முதல்ல என்னடா இதுன்னுதான் இருந்துச்சு. அப்புறம் கீழ் மூலைல பொடி எழுத்துல ஒரு நம்பர் கண்ணுல பட்டுச்சு. படிவம் பதினேழு. அரசு அச்சகத்துக்குப் போய் பதினேழு எதுன்னு கேட்டேன். விருந்தினர் மாளிகைல ரூம் போடறவங்க பேரெழுதற படிவமாம். தலைப்பை மட்டும் மாத்தி மயானத்துக்கு அனுப்பிட்டாங்க. ஒரு ரூமுக்கு அஞ்சு பேரு, அதனால அஞ்சு வரி. நானும் அளவெடுத்துப் பிழைச்சவதாங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி துணியை வெட்டுவோம். இருக்கற துணிக்காக ஆளை வெட்டினதில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நிரப்பின படிவத்தையெல்லாம் மயான ஆபீஸ்ல கட்டுக் கட்டா வெச்சிருக்காங்க. மூணு நாள் உக்காந்து படிச்சேன். அந்த நாலாவது கட்டத்துல நிறையப் பேர் ஒரு கோடு இழுத்து விட்டிருக்காங்க. ஒரு பொண்ணு மட்டும் எழுதியிருக்கு. 'நாங்கள் தங்கவில்லை. அப்பா தங்குகிறார்.'"

மேசையைத் தட்டிப் பேசியவர்களை, அழுது பேசியவர்களை, மைக்கைப் பிடுங்கி எறிந்தவர்களைக்கூட அந்த பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். குரலையே உயர்த்தாமல் ஒரு அரசாங்கத்தை வாயடைக்க வைத்தவரை அன்றுதான் பார்த்தேன். நான் அவருக்கு எதிர்த்தரப்பு. அது எனக்கு மறந்தே போயிற்று. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நிபுணர் குழு 'இயன்றவரை குறைவாக' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன், உத்தரவை எழுதிய அன்று, ஆறு மணிக்குள் அது அச்சுக்குப் போயாக வேண்டும். மணி நாலரை. ஒரு படிவம் வேண்டுமென்று செயலர் பறந்தார். என் மேசையில் பதினேழு கிடந்தது. தலைப்பை மாற்றச் சொன்னேன். "வரி அஞ்சுதான் இருக்கு சார், உத்தரவுல எத்தனை பேருன்னு போட?" என்று தட்டச்சர் கேட்டார். "அஞ்சுன்னே போடுங்க," என்றேன். டீயில் சர்க்கரை எத்தனை என்று கேட்டால்கூட அதைவிடக் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அமைச்சரின் கை இன்னும் காற்றில் நின்றது. விரல்கள் பொறுமையிழந்து மடங்கி விரிந்தன. எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நாளைக் காலை மூன்று பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். நான் ஒருமுறைகூடப் படிக்காமல் அனுப்பிய தாளை இந்த அம்மாள் மூன்று நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. எழுதிய சீட்டைக் கசக்கிவிட்டு வேறொன்று எழுதினேன். 'அம்மா சொல்வது சரி. படிவத்தில் ஐந்து வரி இருந்தது. வேறு காரணம் இல்லை. அந்த ஐந்தைப் போட்டவன் நான்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

அமைச்சர் அதை இரண்டு முறை படித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஓர் அமைச்சர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். எழுந்து, சபையின் குறுக்கே நடந்து, சீட்டை டெய்லரம்மாவின் கையிலேயே கொடுத்தார். அந்த மனுஷனுக்குள் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

டெய்லரம்மா படித்தார். "வாசிங்க, வாசிங்க!" என்று அவர் கட்சிக்காரர்கள் பின்னாலிருந்து கத்தினார்கள். வாசித்தால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம் வரும். என் சீட்டும் கிழியும். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"பதில் வந்துடுச்சு தலைவர் அவர்களே. உண்மையான பதில். யாரு எழுதினாங்கங்கறது சபைக்கு வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள மாத்திக் கொடுத்தாப் போதும்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலமே மாத்திடறோம்," என்றார் அமைச்சர், சீட்டே இல்லாமல்.

அந்தத் திருத்தத்தையும் நான்தான் எழுதினேன். இடத்தின் பரப்பைப் பார்த்து, ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டு, எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேர். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுப் படித்தேன். தட்டச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே மயானத்துக்குப் போய்விட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எட்டுப் பிள்ளைகளும் இடைவெளி விட்டு வரிசையாக வந்தார்கள். காவலாளி கதவைத் திறந்தார். கடைசியில் நின்ற நாற்பது வயதுக்காரர் வாசலிலேயே தயங்கினார். "நானும் வரலாமாண்ணே?" என்று காவலாளியைக் கேட்டார். "எல்லாரும் வாங்க," என்றார் காவலாளி. அந்த மனிதர் ஓடினார். அத்தனை வயதில் ஒருவர் அப்பாவைப் பார்க்க அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை. என் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

டெய்லரம்மா மட்டும் வெளியே, மதிலோரம் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"நீங்க உள்ள போகலியாம்மா?"

"அது அவங்க குடும்பம் தம்பி," என்றவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். "நேத்து பெஞ்சுல தனியா உக்காந்திருந்தது நீங்கதானே?"

"நான்தாம்மா. மன்னிச்சுடுங்க." கைகூப்பினேன். "இத்தனை பேர் நிரப்பின படிவம். அந்தப் பொடி எழுத்து உங்க கண்ணுக்கு மட்டும் எப்படிம்மா பட்டுச்சு?"

அவர் மதில் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாசம் முந்தி நானும் இங்க வந்து அதை நிரப்பினேன். உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்னு எங்கண்ணன் பேனாவை என் கையில கொடுத்தாரு. அண்ணன், அக்கா, தம்பிங்கன்னு ஒவ்வொருத்தர் பேரா எழுதிட்டே வந்தேன். திடீர்னு வரி தீர்ந்துபோச்சு. இன்னும் இருக்கும்னு தாள் பூரா தேடினேன், அந்தக் கீழ் மூலை வரைக்கும்." குரல் அப்போதும் உயரவில்லை. "எங்கம்மாவுக்கு நாங்க ஆறு பேர் தம்பி."

நேற்று சபையில் இதை அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உள்ளே போன எட்டு பேரும் திரும்பி வரும்வரை நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.