பாலிஸ்டர் கை தூக்கிய நாள்

"தலையை இடுக்கியில மாட்டிப் பிழைக்கிறவனுக்கு மேயர் பதவிச் சங்கிலி கேக்குதா?" பீர் ஆலை முதலாளி செப்டிமஸ் கார்லண்ட் பட்டன் தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோ வாசலில் நின்ற தர்ஸா பாலிஸ்டரும் குரலை இறக்கவில்லை. "படம் பிடிக்கறப்ப உங்க தலை ஆடாம இருந்ததே எங்க வீட்டு இடுக்கியிலதான் ஐயா. போங்க, போய் பீர்ல தண்ணியக் கலக்குங்க."

ஜன்னல் துடைக்கிற சாக்கில் தெருப் பெண்கள் நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். அந்த வாரம் எங்கள் தெரு ஜன்னல்கள் அப்படிப் பளபளத்தன.

தர்ஸாவின் கணவர் ஆம்ப்ரோஸ் சந்தை சந்தையாக வண்டி கட்டிப் போய்ப் படம் பிடித்தவர். படம் கழுவும் மருந்துக் கறையில் விரல்கள் எப்போதும் கறுப்பு. தேவாலயத்தில்கூடக் கையுறை கழற்றமாட்டார். இன்று மூன்று ஊர்களில் கடை. எங்கள் ஊர் நெதர்பரோவில் அவர் கேமராவுக்கு முன் உட்காராத பெரிய மனிதர் கிடையாது. மேயராக வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருப்பது ஊருக்கே தெரியும். தெரியாததுபோல் நடந்தவர் அவர் ஒருவர்தான்.

நவம்பரில் நகரசபை உறுப்பினர்கள் மேயரைத் தேர்ந்தெடுக்க வோட்டுப் போடக் கூடினார்கள். நாங்கள் பார்வையாளர் மாடத்தில் இடம் பிடித்துவிட்டோம். கார்லண்டின் ஆட்கள் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். கூட்டம் தள்ளிப்போனால் விருந்து வைத்து நாலு பேரைத் தங்கள் பக்கம் இழுத்துவிடலாமே. சபை எழுத்தரின் குரல் எடுபடவில்லை.

ஆம்ப்ரோஸ் எழுந்தார். லென்ஸ் மூடியைக் கழற்றும் முன் அசையாமலிருக்கச் சொல்லிச் செய்வதுபோல வலக்கையை மெல்லத் தூக்கினார்.

சபை அப்படியே உறைந்தது. மோவாய்கள் உயர்ந்தன, வயிறுகள் உள்ளே போயின. கார்லண்ட் மேசையைத் தட்ட ஓங்கிய கையைக் கோட்டுக்குள் செருகி, முகத்தின் நல்ல பக்கத்தைக் காட்டி நின்றார். எழுத்தர் மளமளவென்று பெயர்களை வாசிக்க, உறுப்பினர்கள் உதட்டை மட்டும் அசைத்து வோட்டைச் சொன்னார்கள். கை இறங்கியபோது எங்கள் தெருவுக்கு ஒரு மேயர் இருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் கார்லண்ட், பழக்கத்தில்.

"முடிஞ்சுது ஐயா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

மணிகள் முழங்க ஆம்ப்ரோஸ் சங்கிலியோடு தெருவுக்குள் வந்ததைப் பார்க்க வேண்டும். தர்ஸா ராணிபோல எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். நாங்களும் பதிலுக்கு ராணிகளாகவே நின்றோம். அன்று மட்டும் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

மேயருக்குக் கடை பார்க்க நேரம் ஏது? படங்களுக்குக் கன்னச் சிவப்புத் தீட்டும் அவர் மகள் லவினியா பொறுப்பேற்றாள். கார்லண்டின் மூத்த மகன் படமெடுக்க வந்தான். கண்ணை மூடிவிட்டேன் என்று திரும்பத் திரும்ப வந்தான். வசந்தத்தில் அவளையே கட்டிக்கொண்டான். கார்லண்ட் கடலோரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இருமலுக்கு நல்லதாம்.