அசைவில்லை

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நரம்புக் கோளாறு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் கூடத்துக் கேமரா அண்ணனுடைய போனுக்கு 'அசைவில்லை' என்று தகவல் அனுப்பிவிடும். வெளியூரில் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் கேமராவுக்குள்ளிருந்து கத்துவான்: "அப்பா! நல்லாருக்கீங்களா?" கண்ணயர்ந்த மனிதர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, நலம் என்று கையை ஆட்டுவார். அதோடு தூக்கம் போச்சு. அம்மாவின் உயிர் இதே நாற்காலியில், தூங்குகிறாள் என்று நாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது போனது. அதற்குப் பிறகு வந்த கேமரா. அதனால் அண்ணனை மனதாரத் திட்டவும் வழியில்லை.

"பஸ் ஓட்டினப்ப கண்ணாடியில எல்லாரையும் நான் பாத்தேன். இப்ப என் முறை போல," என்பார் அப்பா.

கடைசியில் அவரே ஓர் இடம் கண்டுபிடித்தார். சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மூலை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பார். அண்ணன் கேட்டால் "குளிக்கிறார்" என்பேன். இத்தனை தடவை குளிப்பவரைத் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னான் அண்ணன்.

நேற்று இரண்டாவது கேமரா வந்து சேர்ந்தது. சமையலறைக்காம்.

நான் ஸ்டூலில் ஏறினேன். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். போனில் அண்ணன், "டேய், இன்னும் இடது பக்கம் திருப்பு. ஃப்ரிட்ஜ் கிட்ட ஒண்ணுமே தெரியல."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அவன் சொல்றபடி வை," என்றார் மெதுவாக. "போனையே பாத்துட்டு அவனும்தான் தூங்கறதில்ல."

திருப்பினேன்.

"சூப்பர்டா. அது என்ன வாளி?"

"குளிக்கிற வாளிதான்ணா."

அப்பா போய் ஃப்ரிட்ஜில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். நானும் சேர்ந்துகொண்டேன்.

"என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"பெருக்கறோம்."

சுவரிலிருந்து ஓர் ஆள் அகலத்துக்கு ஃப்ரிட்ஜ் நகர்ந்தது. பின்னால் சுவரில் ஃப்ரிட்ஜ் அளவுக்கு மட்டும் பழைய பெயிண்ட் புதிதாக இருந்தது. அப்பா வாளியோடு உள்ளே நுழைந்தார்.

"அப்பா எங்க?"

ஃப்ரிட்ஜின் ஓரத்திலிருந்து கை மட்டும் வெளியே வந்தது. நலம் என்று ஆடிவிட்டு உள்ளே போனது.

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதோடு ஒரு குறட்டையும் சேர்ந்துகொண்டது. நான் கூடத்துக்கு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்ட ஆரம்பித்தேன்.