சுவருக்கு வராத சிப்பிகள்

துறைமுகத்தின் புதிய சுவரில் ஒட்ட வேண்டிய சிப்பிகள் அந்த வருடம் சுவரை வடிவமைத்த பொறியாளரின் இடது கையில் வந்து ஒட்டின. முதல் நாள் மூன்று, வாரக் கடைசியில் முப்பது. மாதம் முடிவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரல் வைக்க இடமில்லை. வலியெல்லாம் இல்லை, வேர்க்குரு மாதிரி நமநமவென்று இருக்கிறது என்று அவள் மருத்துவரிடம் சொன்னாள். அவர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். எடுக்க அவளுக்கு நேரமில்லை.

பழைய சுவர் மொழுமொழுவென்று இருந்ததால் நாற்பது வருடமாக அதில் ஒரு நண்டுகூடக் குடியிருந்ததில்லை. அவள் ஒன்பது வருடம் வரைந்து வரைந்து அழித்து, குழியும் பள்ளமுமாக, கடல் வடிந்த பிறகும் கையளவு தண்ணீர் தேங்கி நிற்கும் மாடங்களோடு இந்தச் சுவரை வார்க்க வைத்திருந்தாள். ஒரு வருடத்துக்குள் உயிர் ஒட்டாவிட்டால் அத்தனை குழியையும் பூசி மூடிவிடுவேன் என்று துறைமுக அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது. சுவரில் பாசிகூட இல்லை. தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குழிகளைத் தடவிப் பார்த்த கைதான் நிறைந்துகொண்டே வந்தது.

“பேசாம ரெண்டு கூடை சிப்பி வாங்கி, கோந்து போட்டு ஒட்டிடலாம் மேடம். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் வார்ப்பு மேஸ்திரி.

“சிப்பிக்குத் தெரியுமே,” என்றாள்.

அவள் கணவன் பல் மருத்துவன். கையைப் பார்த்ததும் தொழில்புத்தி முந்திக்கொள்ள, அரை மணியில் சுரண்டி எடுத்துவிடுகிறேன் என்றான். அவள் முறைத்த முறைப்பில் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கிடந்த சுவரின் மாதிரிக் கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தான்.

“இதுல என்னத்தத் தடவியிருக்கீங்க? எண்ணெய் வாசம் அடிக்குதே. ஈரப் பல்லுலயே சிமென்ட் பிடிக்காது, எண்ணெய்ப் பல்லுல எப்படிப் பிடிக்கும்?”

மறுநாள் அவள் கேட்டதும் மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. கல் கீறலில்லாமல் அச்சிலிருந்து கழன்று வரவேண்டுமென்று ஒவ்வோர் அச்சிலும் எண்ணெயைத் தாராளமாகப் பூசியவர் அவர்தான். தன் கல் பளபளவென்று இருப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அன்றே ஆட்களோடு இறங்கிக் கம்பித் தூரிகையால் தேய்க்க ஆரம்பித்தார், வாய் ஓயாமல் தன்னையே திட்டிக்கொண்டு. பத்து வாரத்தில் சுவர் சொரசொரப்பானது. அதன்பின் கடல் ஏறும் நேரமெல்லாம் அவள் இடது கையைக் குழிக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாள் ஒன்றும் அசையவில்லை. ஆறாம் நாள் மணிக்கட்டுச் சிப்பி நகர்ந்தது. பிறகு, வீடு மாறுகிறவர்களைப் போல, குடும்பம் குடும்பமாகக் கிளம்பின. பின்னாலேயே பாசியும் இறாலும், எங்கிருந்தோ ஒரு கணவாயும் வந்து சேர்ந்தன. கெடு முடிந்த அன்று அதிகாரி வந்து குழிக்குள் விரலை விட்டார், உள்ளே இருந்த நண்டு கவ்வியது. கட்டுப் போட்ட விரலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவர் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து வெறும் கையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனாலும் அழுதாள். முழங்கைக்குக் கீழே ஒன்று மட்டும் போகாமல் இருந்தது.

“இதையும் கொண்டுபோய் விட்டுடலாமா?” என்று கணவன் மெல்லக் கேட்டான்.

“வேண்டாம்ங்க. அதுக்கு இங்கதான் பிடிச்சிருக்கு போல.”

இப்போதும் அலுவலகக் கூட்டத்தின் நடுவே கடல் ஏறும் நேரம் வந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அதிகாரியே உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். சிப்பி வாய் திறந்து, பசியாறி, மூடும் வரை மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.