உறை போட்ட பெட்டிகள்

விடிந்தும் விடியாததுமாக ஐந்து சாணைகளும் சுழலத் தொடங்கிவிட்டன. வார்ப்பு இரும்பைக் கல்லில் வைத்து அழுத்தினால் பொறி பறக்கும். பின்னாலேயே மாவு போன்ற தூசு எழும். துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு. அக்கா வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மூன்றாவது சாணையில் நின்றாள்.

அது டைரி அண்ணனின் சாணை. எந்த வார்ப்புக்கு என்ன அளவு என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்ததால் அந்தப் பெயர். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வழி மறந்துபோனார். முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். பட்டறைக்கு வழி மட்டும் மறக்கவில்லை. தினமும் வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, மனைவி வந்து கூட்டிப்போகும்வரை வார்ப்பைப் பிடித்திருப்பதுபோல் வெறுங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பார். அக்கா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். நேற்று அவளுக்குத் தன் மகளின் பெயர் வாயில் வரவில்லை. அரை நிமிடம்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ஆராய்ச்சி டாக்டரம்மா வந்தார். தூசு மூளை வரை போகிறதா, அதனால் மறதி நோய் கூடுகிறதா என்று பார்க்கிறவர். போன மாதம் ஐந்து பேரின் காலரிலும் காற்றை உறிஞ்சும் சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். இப்போது உள்ளிருந்த வடிகட்டித் தாள்களை எடுத்தார். எல்லாம் பால் வெள்ளை.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? நம்ம பட்டறைக் காத்து அவ்வளவு சுத்தம். எழுதிக்குங்க!"

அக்கா வாய்த்துணியை இறக்கினாள். "அம்மா, வெல ஒசந்த சாமான், தூசு பட்டா கெட்டுடுமேன்னு நாங்கதான் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டினோம். நீங்க வர்றதுக்கு முன்னாலதான் கழட்டினோம்."

"பெட்டிக்குப் பாத்தீங்க. உங்களுக்கு?" என்றார் டாக்டரம்மா.

புதுத் தாள் போட்டுவிட்டு அவர் போனதும் முதலாளி பெட்டிகளுக்கு மறுபடி உறை மாட்டவைத்தார். குரலும் மாறியது. "உறையப் பிரிக்கிறவங்க நாளைக்கு வர வேணாம். அந்த டைரி ஆளுக்கு வயசாச்சு, மறந்துட்டான். தூசு என்ன பண்ணும்?"

"உங்களுக்கும் அதே வயசுதானே மொதலாளி? நீங்க ஏன் கண்ணாடி ரூமைவிட்டு வெளிய வர்றதில்ல?"

கேட்டது அக்கா. அதோடு நிறுத்தவும் இல்லை. "நேத்து எம் பொண்ணு பேரு எனக்கு மறந்துடுச்சு."

சாணைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"எனக்கு ரெண்டு தடவ வீட்டுத் தெரு தப்பிடுச்சு," என்றான் முதல் சாணைக்காரன். "பயந்துக்கிட்டு சொல்லல."

அவன்தான் முதலில் உறையைக் கிழித்தான். பிறகு மற்றவர்கள்.

"ஒருத்தர நிறுத்தினா அஞ்சு சாணையும் நிக்கும்," என்றாள் கடைசிச் சாணைக்காரி. முதலாளி விருட்டென்று கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிச் சாணைக்காரி அக்காவின் கையைப் பிடித்தாள். "உம் பொண்ணு பேர எங்ககிட்ட சொல்லி வை. நீ மறந்தா நாங்க சொல்றோம்."

அக்கா சொன்னாள். நான்கு பேரும் திருப்பிச் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் டைரி அண்ணனும் சொன்னார். அக்கா முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.